சீலிங்கில் பேராக்

எனக்கு வீடு இருப்பது பினாங்கில்,
குளுகோரில், பதினோராம் மாடியில்.
நான் இருப்பது கோலாலம்பூரில்,
செந்தூலில், மிஸ்டர் கூய் வீட்டில்.
ஒன்றாம் தேதி ஷம்சியாவின் வாடகை
என் கணக்கில் வந்து இறங்கும்.
மூன்றாம் தேதி அது
மிஸ்டர் கூய் கணக்குக்கு ஏறிப் போகும்.
நடுவில் இரண்டு நாள்
நான் வீட்டுக்காரி.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குக்
கைப்பேசி நடுங்கியது.
"காக், ஆயர் பொச்சோர்."
பின்னாலேயே மூன்று படங்கள்:
ஈரச் சீலிங்.
அதற்கு நேர்கீழே சிவப்பு வாளி.
வாளிக்குள் கால் வைத்து நிற்கும்
அவள் பையன், சிரித்தபடி.

முந்நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு
ஒரு குழாயை எப்படித் திருகுவது?
மேல்வீட்டுச் சியூவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை.
கீழே காவலாளிக்கு அடித்தேன்.
நேபாளத்திலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறதாம்.
என் மலாயும் அவர் மலாயும்
ஒன்றையொன்று தேடிப் போய்
எந்த மாடியிலோ தொலைந்தன.
ப்ளம்பர் ஆ ஹோக் மட்டும் எடுத்தார், தூக்கக் குரலில்.
"நாளைக்கு வரேன். எவ்வளவு ஆகும்னு
பாக்காம சொல்ல முடியாது."
பார்க்காமல் சொல்வதுதானே
நாலு வருஷமாக என் பிழைப்பு.

"வீடியோவில் காட்டு" என்றேன்.
பையன் டார்ச் பிடித்தான்.
அவள் நாற்காலிமேல் ஏறினாள்.
என் வீடு ஃபெரி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து
மெல்ல நிமிர்ந்தது.
அப்போதுதான் சுவர் தெரிந்தது.
பச்சை.

நான் சாவி கொடுத்தபோது வெள்ளை.
ஏழாவது ஷரத்து:
உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி
ஆணி அடிக்கவோ வர்ணம் பூசவோ கூடாது.
நானே தட்டச்சு செய்தது.
மிஸ்டர் கூய் எனக்குக் கொடுத்த ஒப்பந்தத்தைப்
பக்கத்தில் வைத்துக்கொண்டு,
பெயர்களை மட்டும் மாற்றி.

கொய்யாப் பிஞ்சுப் பச்சை.
சுவிட்சைச் சுற்றி டேப் ஒட்டிப் பூசியிருக்கிறாள்.
ஜன்னல் விளிம்பில் ஒரு பிசிறு இல்லை.
கூலிக்கு வந்த ஆள் அப்படிப் பூச மாட்டான்.
"காக், தெரியுதா?" என்றாள்.
"தெரியுது" என்றேன்.
"இடது பக்கம் ஒரு வால்வு இருக்கும், மூடு."
மூடினாள்.
மூன்று பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.
சொட்டியது.
நின்றது.
சொட்டியது.
பிறகு நின்றேவிட்டது.
வால்வு நிறுத்தியதா,
மேலே சியூ குளித்து முடித்தாரா,
தெரியாது.

காலையில் ஆ ஹோக் வந்து
நூற்றெண்பது வெள்ளி வாங்கிக்கொண்டு போனார்.
மேல்வீட்டுக் குளியலறைத் தரைதான் காரணமாம்.
இது ஒட்டு, மறுபடியும் வரும் என்றாராம்.
சாயங்காலம் ஷம்சியாவின் படம்:
காய்ந்த சீலிங், பழுப்பாய் ஒரு கறை.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
மேலே குறுகி, நடுவில் வயிறு தள்ளி,
இடது பக்கம் கடல் கடித்ததுபோல.
பேராக்கேதான்.
அவளுக்கும் எனக்கும் நடுவே
நீட்டிப் படுத்திருக்கும் பேராக்.
ஈப்போ இருக்க வேண்டிய இடத்தில்
ஆ ஹோக்கின் கட்டைவிரல் அழுக்கு.

"மிச்சப் பெயிண்ட் கொஞ்சம் இருக்கு,
அது மேலேயும் பூசிடட்டுமா காக்?"
அனுப்பிய வேகத்தில் அழித்துவிட்டாள்.
நான் அதற்குள் படித்துவிட்டேன்.
வெகுநேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை.
"பூசு" என்று அனுப்பினேன்.
எழுத்துமூலம்.

இங்கே என் சுவர்க் கடிகாரம்
மூன்று வருஷமாகத் தரையில் சாய்ந்து நிற்கிறது.
மணி பார்க்க நான் தலை குனிய வேண்டும்.
மிஸ்டர் கூய் பெர்த்தில் இருக்கிறார்,
வீடியோ கேட்காத மனிதர்.
எதிர்வீட்டில் சுத்தியல் கேட்டால் தருவார்கள்.
பத்து மணிக்குமேல் சத்தம் போடக் கூடாது,
அது பன்னிரண்டாவது ஷரத்து.
குனிந்து பார்த்தேன்.
எட்டேகால்தான்.