ஊழியருக்குப் பாதி விலை

எவ்வளவு வேணும்?
சுண்டைக்காய் அளவு போதும்.
வெறும் வயிறா? வேண்டாம்,
மரச்சீனியும் சாளைக்கறியும் தின்றுவிட்டே வரலாம்.

பாறசாலைக்காரர் மலையாளத்தில் கேட்டார்,
குழித்துறைக்காரி தமிழில்.
களியக்காவிளையில் இந்த ஜன்னலுக்கு
இரண்டும் வயிற்றுப்பேச்சுதான்.

தாசையன் மட்டும் டப்பாவை
மிக்சர் பொட்டலத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார்.
ஐயாயிரத்து எழுநூறு கட்டினா
வலி எதனாலேன்னு தெரிஞ்சிருமா மக்ளே?

அதற்கு எனக்குச் சொல்லித்தந்த பதில் உண்டு:
குடலில் நல்லது இத்தனை, கெட்டது இத்தனை,
வண்ணப்படத்தோடு பதினெட்டுப் பக்கம்.
சொல்லத் தொடங்கி,
அவர் இடுப்பில் வேட்டி
இரண்டு சுற்று கூடுதலாய்ப் போவதைப் பார்த்தேன்.

ரசீதைக் கிழிக்கவில்லை.
எதிரில் பஸ் நிற்கும்,
ஆசாரிப்பள்ளத்துக்கு இன்றே போங்க என்றேன்.

மேலாளர் கேட்டால் கூட்டமில்லை என்பேன்.

எனக்கும் ஒரு டப்பா எடுத்துவைத்தேன்.
ஒன்பது மாதமாய்
காலியாகவே இருக்கிறது.