இருபத்துமூன்றாம் கதவு

பிராம்ப்டன் கிடங்கில் அறுபது கதவுகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு லொறி
முதுகைக் காட்டி நிற்கும்.
இரவு இரண்டு மணி. ஸ்கேனரோடு நடக்கிறேன்,
வாய்க்குள் பாடம்:
இருபத்திரண்டு, பூட்டிய பேச்சு.
இருபத்துமூன்று, பூட்டாத பேச்சு.
ஐம்பத்துமூன்று,
பெயரைச் சொன்னால் முகவரி தருபவன்.

கையில் ஒரு சோதனைக்குத்தான் காசு.
சைபர் பாதுகாப்பை எடு, அதிலதான் சம்பளம் என்கிறான்
மச்சான் பிரதாபன். அவன் வீடு விற்கிறவன்.
கிளவுட் என்கிறாள் பக்கத்து வரிசை ஹர்லீன்.
அவளும் இன்னும் எழுதவில்லை.

ஞாயிறு முழுக்கக் கொப்பியும் பேனையுமாய்
வேலை விளம்பரங்களை எண்ணினேன்.
நாற்பதில் இருபத்தேழு கேட்டது
பிரிண்டர் நின்றால் ஓடிவர ஓர் ஆளை.
மிச்சமெல்லாம் தொடக்கநிலைதானாம்,
மூன்று வருட அனுபவத்தோடு.

இன்றைக்கு இருபத்துமூன்றாம் கதவு,
பாடத்தில் இல்லை, உண்மையான கதவு,
இறங்க மறுத்துப் பனியை உள்ளே விட்டது.
டிக்கெட் போட்டு ஆறு நாளாம்.
குனிந்து பார்த்தேன்.
சென்சார் கண்ணில் ஒரு துண்டு டேப்.
நகத்தால் கிள்ளி எடுத்தேன்.
கதவு இறங்கியது.
ஒருவரும் பார்க்கவில்லை.

இடைவேளையில்
ஹெல்ப் டெஸ்க் சான்றிதழுக்கே பணம் கட்டினேன்.
விரல் விறைத்து அட்டை இலக்கம்
இரண்டு தரம் பிழைத்தது.
மார்ச் பதினாலு, காலை ஒன்பது.
பிரதாபனுக்குச் சொல்லவில்லை.

ஐம்பத்துமூன்றில் புதிதாய் ஒரு லொறி.
கண்ணாடியை இறக்கி
சாரதி கத்துகிறான்,
இது எந்த இடம் என்று.