முப்பது காசு நெத்திலி

பெயர்கள் இல்லை, கதவு எண்கள்தாம்.
பருப்புத் துவையல்: 03-118.
மீன் தலைக் கறி: 11-140, 06-152.
(இரு வீட்டார் முறையும் வெவ்வேறு. இரண்டும் சரியே.
இதுபற்றி இனிக் கூட்டத்தில் பேச வேண்டாம்.)

அங் மோ கியோவில் எங்கள் புளோக்கின் மகளிர் குழு
எண்பத்தொன்றில் உருட்டி எடுத்த
ஐம்பத்திரண்டு பக்கம்.
ஸ்டேப்பிளர் கம்பி துருவேறி
ஒவ்வொரு தாளிலும் இரண்டு பழுப்புக் கண்கள்.

அம்மா வீடு மாறிய அன்று
மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவில் அகப்பட்டது.
"குப்பை, வீசு" என்றாள்.
வீசத்தான் எடுத்து வந்தேன்.
ரயிலில் நொவீனா வருவதற்குள் நாற்பதாம் பக்கம்:

நெத்திலி சம்பால்: 09-316.

09-316 எங்கள் வீடு.
முட்டைக்கோஸின் முதல் பாதியைச் சொல்லவே
கூசுகிற அப்பாவின் வீடு.
வெள்ளிக்கிழமைகளில் வெங்காயமும் வெளியே நிற்கும்.
நானே கல்யாணத்துக்குப் பிறகுதான் மீன் பழகினேன்;
முள் எடுக்க இன்னும் சரியாக வராது.

கப்பல் சரக்குக் கணக்குப் பார்க்கிறவள் நான்.
ஒரு எண் இடித்தால்
எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராது.

முப்பது காசு நெத்திலி.
பத்துக் காசு காய்ந்த மிளகாய்.
சின்ன வெங்காயம் பால் டின்னால் ஒன்று.
புளி, தீப்பெட்டி அளவு.
மிளகாயை அரைத்து, எண்ணெய் பிரியும்வரை
பொறுமையாக இருக்கவும்.
நெத்திலியைக் கடைசியில் போடவும்.
ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கட்டும்.
பிறகு தலைக்குக் குளிக்கவும்.

கடைசி வரியை மூன்று முறை படித்தேன்.
வேறு எந்த வீட்டுச் சமையலும்
குளியலில் முடியவில்லை.

தேக்கா சந்தையில் கருவாட்டுக் கடை ஹெங்
என் கையிலிருந்த தாளைக் கண்ணாடி ஏற்றிப் பார்த்தார்.
மொழிபெயர்த்துச் சொன்னேன்.
"முப்பது காசா? பை ஐந்து காசு.
மிச்சத்துக்கு மோந்து பார்த்துவிட்டுப் போ."
சிரித்து முடித்ததும் அவருக்கு என்னவோ தோன்றியது.
அப்பா கடையில் நின்ற பையனின் கை
தானாகக் குழிந்து அள்ளியது.
"அப்போ, இவ்வளவு."
தராசில் வைத்தோம். நூற்று நாற்பது கிராம்.
நாற்பதாம் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

வீட்டில் எண்ணெய் பிரியக் காத்திருந்தேன்.
ஜன்னல்களைத் திறந்தேன்.
காரம் இருந்தது, புளிப்பு இருந்தது.
நடுவில்
யாரோ எழுந்து போன நாற்காலி.

அம்மாவைக் கூப்பிட்டேன்.
"அச்சுப் பிழை" என்றாள். "316 இல்லை, 361ஆ இருக்கும்."
ஒன்பதாம் மாடியில் எண்கள் 330இல் முடிந்துவிடும்.
நான் சொல்லவில்லை.
அங்கே டிவியின் சத்தம் குறைந்தது.
"அடுத்த வீட்டு ரொக்கியாவோட அடுப்பு பெருசு" என்றாள்,
அடுப்பைப் பற்றித்தான் நான் கேட்டேன் என்பதுபோல.
"உங்கப்பாவுக்கு நைட் ஷிப்ட்.
நீ தூங்கிருவ."
கொஞ்ச நேரம்
அவள் பக்கத்து மின்விசிறி மட்டும் சுற்றியது.
வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"பெலாச்சானைச் சுட்டுப் போட்டியா,
பச்சையாவே போட்டியா?"

பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தேன்,
கீழிருந்து மேலே பார்த்தேன்.
பெலாச்சான் எங்கும் இல்லை.

"எவ்வளவும்மா போடணும்?"

"அஞ்சு காசு."