மூன்று வாரம்

மூன்று வாரம் என்றுதான் சொன்னார்கள்.
எண்பத்தாறு ஜூனில், வேல்ஸ் மலையில்,
டெக்வென் வீட்டு வானொலி
ஆடுகளை விற்காதீர்கள் என்றது.
மூன்று வாரம்.
பிறகு வானிலை அறிக்கைக்குப் போய்விட்டது.

மே மாதத்து மழை அது.
ஆயிரம் மைலுக்கு அப்பால் எரிந்த ஓர் உலையை
மேகம் சுமந்துவந்து
அவள் மேய்ச்சலில் இறக்கியது.
மணமில்லை. நிறமில்லை.
அன்று துணி காயவில்லை என்பது மட்டும்
அவளுக்கு ஞாபகம்.

களிமண்ணாயிருந்தால்
சீசியத்தை இறுகப் பிடித்து வைத்திருக்கும்.
இது மலைக்கரி மண், ஏழை மண்,
எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாதது.
வந்ததை வேருக்குக் கொடுத்தது.
வேர் புல்லுக்கு. புல் ஆட்டுக்கு.

செப்டம்பர்தோறும் பென்ஹாலிகன் வருவார்,
அரசாங்கத்து மழைக்கோட்டும் மானியும்.
ஆட்டின் பின்சப்பையில் குழலை அழுத்திப்
பத்து எண்ணுவார்.
அளவு மீறியதற்கு நீலச்சாயம்.
கீழ்ப் பள்ளத்தாக்கில் விட்டால் தேறிவிடும் என்பார்:
உடம்பில் உள்ளது பத்து நாளில் பாதி,
அடுத்த பத்தில் பாதியில் பாதி.
ஆட்டுக்கு மட்டும்
வானொலி சொன்ன கணக்கு பலித்தது.
மண்ணுக்கோ
முதல் பாதிக்கே முப்பது வருடம்.

"எந்த அணு எப்போது உடையும்?"
அவள் கணவன் இதெல் கேட்டான்.
"எது என்று யாருக்கும் தெரியாது.
எத்தனை என்று தெரியும்."
இதெல் தலையாட்டினான்.
நானூறு ஈற்றில் இருபது குட்டி பனிக்குப் போகும்,
மார்ச்சிலேயே அவனுக்கு அது தெரியும்.
எந்த இருபது என்று கேட்டால்
எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவான்.

நமக்குக் கதிர் என்றால்
வயலில் தலைசாய்வது, கிழக்கில் கிளம்புவது,
ராட்டையில் சுழன்று நூலை வாங்கிக்கொள்வது.
அதோடு இயக்கத்தைக் கூட்டினோம்,
ஏதோ ஊர்வலம் கிளம்புகிற மாதிரி.
டெக்வெனின் மொழியில் அது அம்பெலடிரெத்.
பிரித்துப் பார்த்தால்
தன்னைத்தானே கதிராக்கிக்கொள்வது.
யாரும் ஏவாமல், யாரும் சூடேற்றாமல்,
தன்னைத் தாங்கமாட்டாத கரு ஒன்று
கொஞ்சத்தை வெளியே எறிந்துவிட்டு
வேறு பெயரில் அடங்குவது.
சீசியம் பேரியமாகும்.
பிறகு அதனிடம் சொல்ல எதுவுமில்லை.

ஒரு வருடம், மூன்றாவதோ நான்காவதோ,
பென்ஹாலிகன் மானியை அணைக்க மறந்து
சமையலறை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தார்.
அது சொடுக்கியது.
நின்றது. சொடுக்கியது.
டெக்வென் கோப்பையைக் கீழே வைத்தாள்.
"பயப்படாதீர்கள், இது பின்னணி.
சுவர்க் கல். வானம்.
உங்கள் எலும்பு, என் எலும்பு."
"நான் பிறக்கும் முன்பும்?"
"அப்போதும்."
அவள் குழலை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்,
ஏழாம் மாதம்,
பத்து எண்ணினாள்.
யாரும் சாயம் எடுக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கடிதம் வந்தது.
கட்டுப்பாடு நீக்கப்படுகிறது.
வாசித்துக் காட்ட இதெல் இல்லை.
கதிரால் அல்ல,
சரிவில் கவிழ்ந்த டிராக்டரால்.
டெக்வென் உறையின் பின்புறம் கணக்குப் போட்டாள்:
முப்பதில் இருபத்தாறு.
மலை இன்னும் பாதிகூடக் கொடுத்து முடிக்கவில்லை.
கடிதத்தில் அது இல்லை,
ஒப்பம் இருந்தது.

பரணில் பழைய ரோமம் ஒரு சாக்கு.
மூன்று முறை அலசியும்
நீலம் அங்கங்கே விடவில்லை.
அப்படியே நூற்றுக்
காலுறை பின்னி
கார்டிஃபில் இருக்கும் மகனுக்கு அனுப்பினாள்.

குதிகாலில் என்னம்மா கறை, என்று அவன் கேட்டான்
தொலைபேசியில்.
மழை, என்றாள்.