சான்றுப் பொருள் ஒன்று

கீழமாரட் வீதி வெங்காயக் கடையிலிருந்து
ஐந்து கிலோ எடைக்கல்லை
அழுக்குத் துண்டில் சுற்றிக்
கொண்டுபோனதாக
சோணைமுத்து மேல் வழக்கு.

அப்போது பழைய சட்டம். பிரிவு முந்நூற்று எண்பத்தொன்று.
ஏழு வருஷம் வரை போகலாம் என்றேன்.
"இரும்புக் கல்லுக்கா?"
அதே கல்லை
வழியில் போகிறவன் தூக்கியிருந்தால் மூன்று.
நீ அங்கே சம்பளம் வாங்குகிறவன்,
அதற்கு நாலு வருஷம் கூடுதல்.

இலவசச் சட்ட உதவியில் எனக்கு வந்த கட்டு அது.
ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல்
பன்னிரண்டு நாள் உள்ளே இருந்தும்
அவன் சட்டையில் வெங்காய நெடி போகவில்லை.
விரல்விட்டுச் சொன்னேன்:
அசையும் பொருளா? தூக்கினாயே, அசைந்ததுதான்.
அடுத்தவர் வசம் இருந்ததா? இருந்தது.
சம்மதம்?
"கேட்டா குடுப்பாராம்மா?"
மடக்காமல் ஒரு விரல் மிச்சம் இருந்தது.
நேர்மையில்லாத எண்ணம்.
அதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்,
நீ இல்லை.

அதற்குப் பிறகுதான்
சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"ரேஷன் கடைத் தராசுல வச்சுப் பாக்கத்தாம்மா எடுத்தேன்.
தள்ளுவண்டிக்கார அக்கா
தெனம் என்னையத்தான் வையுது.
நிறுத்துப் போடுறது நாந்தான?
என் கைதான் குறைக்குதுங்குது."

நாலு கிலோ அறுநூற்றைம்பது.
பார்த்துச் சொன்ன ரேஷன் கடைக்காரர்
சாட்சிக்கு வரமாட்டார்.

வேண்டாம், கல்லே பேசட்டும்.
துணியில் கட்டி, அரக்கு வைத்து,
மதிப்பு நானூறு என்று எழுதி
அவர்களே கொண்டுவந்த பொருள்தானே.
நீதிமன்றத்தில் நிறுக்க உத்தரவு கோரி
அன்றிரவே மனு எழுதினேன்.
முதலாளியைக் கேட்க
பதினேழு கேள்விகள்.
தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

முதல் வாய்தாவில் மகஜர் சாட்சி வரவில்லை.
அடுத்ததில் ஏட்டையாவுக்கு அழகர் திருவிழா பந்தோபஸ்து.
பிறகு நீதிபதி விடுப்பு.
பிறகு நாங்களே புறக்கணிப்பு.
ஒவ்வொன்றும் அவனுக்கு ஒரு நாள் கூலி.
இப்போது அவன் விரல்விட்டான்.

"ஒத்துக்கிட்டா?"
இருந்த பன்னிரண்டு நாளே போதும் என்பார்கள்,
கொஞ்சம் அபராதம் போடுவார்கள்.
ஆனால் அப்புறம்
மார்க்கெட்டில் எது காணாமல் போனாலும்
முதலில் உன் கதவைத்தான் தட்டுவார்கள்.
"இப்ப மட்டும் தட்டலையாம்மா?"

ஐந்நூறு கட்டினான்.
கல்லின் விலையைவிட நூறு அதிகம்.
அன்று கூண்டில் நின்றது நாலு நிமிஷம்.

சான்றுப் பொருளை
உரியவரிடம் ஒப்படைக்கவும்.
முதலாளி கையெழுத்துப் போட்டார்.
கிளார்க் துணியை அவிழ்த்தார்.
தேதி போடாத மனு
என் பையில் இருந்தது.

போன வாரம் அந்த வழியாகப் போனேன்.
தராசில் அதே கல்.
கைப்பிடிக்குக் கீழே
சுரண்டாமல் விட்ட சிவப்பு அரக்கு,
அந்த அளவுக்கு
எடை கூடியிருந்தது.