ஆறும் ஒன்பதும்

உசிலம்பட்டிக் கிளையில் நகைக்கடன் மேசை
மின்விசிறிக்கு நேர் கீழே.
அதனால்தானோ என்னவோ
அவன் யாருக்காகவும் எழுந்திருப்பதில்லை.

முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தேன்.
வலக்கை மோதிர விரல்
நடுக்கணுவில் முறுக்கி வேறெங்கோ பார்க்கும்.
அது பிசகிய இரவு நான் மேசையில் இருந்தேன்,
பெரியகுளம், மூன்றாம் கால், ஆறு நிமிடம் பாக்கி.
பல்லைக் கடித்து அவனே இழுத்துவிட்டுக்கொண்டு
இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டான்.
சிவப்பு மையில் நிரப்பிய இரண்டு வட்டம்.
விரலுக்கு என் தாளில் கட்டம் கிடையாது.

"டேபிள் மேடம்!" என்றான் சோணைமுத்து.
பெயரை இப்போதுதான் விண்ணப்பத்தில் வாசித்தான்:
கிரேஸ் பொற்கொடி, உடற்கல்வி ஆசிரியை, ஓய்வு.

பதினாறு வருசம் வங்கி அணிக்கு ஆடினான்.
சம்பளம் எழுத்தருக்கு, வியர்வை பந்துக்கு.
ஊர் ஊராய் ஃப்ளட்லைட், பள்ளிக்கூட வகுப்பறையில் தூக்கம்,
பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் போட்டாலும்
கால் வெளியேதான் கிடக்கும்.
முப்பத்து நாலில் இடது முழங்கால்.
தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு தாள்:
திங்கள் முதல் கவுண்டருக்கு வரவும்.
மாலை இல்லை, மைக் இல்லை.
காசாளர் ஒருவர் லீவில் இருந்தாராம்.

எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.
ரேஸ்கோர்ஸ் மைதானம், மழை விட்ட இரவு, இறுதி ஆட்டம்.
விளக்கிலிருந்து ஈசல் உதிர்ந்து
ஈரத் தாளில் இறகோடு ஒட்டிக்கொண்டது.
ஊதிக்கொண்டிருக்கும்போது விசில்.
நிமிர்ந்தால் நடுவரின் ஒரு கை ஐந்து,
மறுகை இறங்கிக்கொண்டிருந்தது,
நாலு விரலோ, ஒன்றோ.
ஒன்பது என்று எழுதினேன்.
அவனுக்கு அது ஐந்தாவது ஃபவுல்.
அட்டையைத் தூக்கினேன்.
அவன் நடுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.
பிறகு துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்துவிட்டான்.
மிச்சம் நாலு நிமிடம். எழுபது, எழுபத்தொன்று.
அடுத்த மாதம் வந்த தேர்வுப் பட்டியலில்
ஆறாம் எண்காரன் பெயர் இருந்தது.

கார்பன் நகல் இன்னும் பீரோவில் இருக்கிறது.
இந்த வளையலும் அதே தட்டில்தான் கிடந்தது.

மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்க்கிற நேரம் பார்த்து
ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.
தராசைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை அவன்.
"ரேஸ்கோர்ஸா? அங்க வடக்கு ரிங்கு
ஒரு இஞ்சு இறக்கம் மேடம்.
வார்ம்-அப்புலயே கண்டுபிடிச்சிட்டேன்.
எங்க கோச்சுக்குக்கூடச் சொல்லல.
அந்தப் பக்கம் ஆடுனா
பந்த இப்படி, கொஞ்சம் தாழ்த்தி..."
உட்கார்ந்தபடியே கை மேலே போனது,
மணிக்கட்டு மடிந்தது,
வரிசையில் நின்றவர்கள் எல்லோரும்
கூரையைப் பார்த்தார்கள்.

"அந்த ஃபவுல்?" என்றேன்.
"எந்த மேட்ச்சு மேடம்?"

தெரியாமல் கேட்டானா,
தெரிந்தும் கேட்டானா.
அன்று போலவே இன்றும்
கை இறங்கிய பிறகுதான் நிமிர்ந்தேன்.

இருபத்து மூன்று கிராம், நானூறு மில்லி.
ரசீதை நிரப்பினான்.
எதிரே உட்கார்ந்து தலைகீழாக வாசித்ததில்
கடன் எண்ணின் கடைசி இலக்கம் ஒன்பது.
தாளைத் திருப்பி வைத்தான், ஆறு.

"சரியா இருக்கா பாருங்க."
மறுபடியும் ஒருமுறை பார்த்தேன்.
என் பேனா வேண்டாமென்று
அவன் பேனாவை வாங்கிக்
கையெழுத்துப் போட்டேன்.