செவ்வாய்க்கிழமை மாவு

சோணைமுத்துவுக்குச் செவ்வாய் லீவு.
காளவாசல் கடையில் பதினாலு வருஷமாக
தினம் நாற்பது கிலோ மைதாவை
அடித்து இழுத்து வீசுகிற கை
அன்றைக்கு டீ டம்ளரைக்கூட
நான் நீட்டினால்தான் வாங்கும்.

வீட்டுக்குள் மைதா வரக்கூடாது.
கல்யாணம் முடிந்த மறுவாரமே
அவர் போட்ட சட்டம்.
இன்று மீறினேன். கால் கிலோதான்.

'பீட்சா' என்றேன்.
ஒன்றும் சொல்லாமல்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.
'மெல்லிசா, முறுமுறுன்னு' என்று
முதுகிடம் சொன்னேன்.

விரல் பொறுக்கும் சூட்டில் தண்ணீர்,
அரை ஸ்பூன் சீனி,
கீழமாசி வீதியில் வாங்கிய ஈஸ்ட்.
பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றேன்.
ஒரு குமிழி. அப்புறம் இன்னொன்று.
அப்புறம் பழைய சோற்றுப்பானையைத் திறந்த வாசம்.

பிசைந்தேன். விரலிடுக்கெல்லாம் அப்பியது.
கட்டிலிலிருந்து குரல்:
'தண்ணி ஜாஸ்தி.'
'தூங்கலையா நீங்க?'
பதில் இல்லை.

ஈரத்துணி போட்டு மூடி
ரெண்டு மணி நேரம் விட வேண்டும்.
அதற்குள் நாட்டுத்தக்காளி எட்டு,
பூண்டு, வரமிளகாய் ரெண்டு,
வற்ற வற்றக் கிண்டி இறக்கினேன்.
பரவை மார்க்கெட் குடைமிளகாய்,
அரை மூடி சோளம்,
கண்ணாடி மாதிரி சீவிய கத்தரிக்காய்.
சின்ன வெங்காயத்தை உரிக்கையில் மட்டும்
பக்கத்தில் வந்து உட்கார்ந்து
நாலு உரித்துக் கொடுத்தார்.
வெங்காயம் மைதா இல்லையே.

மாவு பொங்கியிருந்தது.
பூரிக்கட்டையில் தேய்க்கத் தேய்க்க
சுருங்கிச் சுருங்கி உள்ளே ஓடியது,
திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி.
எழுந்து வந்து நின்றார்.
'எண்ணெய் தொட்டு ஒரு வீசு, விரிஞ்சிரும்.'
'இதுக்கு வீச்சு கிடையாது.'
'எப்படி விரியும் பின்ன?'
'மெதுவா.'
கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
கட்டிய கையில் விரல்கள் மட்டும் சும்மா இல்லை.
அப்பளத்தில் பாதி கனம் வந்தபோது
நடுவில் கிழிந்தது.
அவர் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது.
ஓரத்திலிருந்து கிள்ளி ஒட்டுப்போட்டேன்.
வட்டம் போய்
ஒரு மாவட்டத்தின் வரைபடம் ஆயிற்று.

அடுப்பு இருக்கிறது, ஓவன் இல்லை.
அடியில் இரும்பு தோசைக்கல் பார்த்துக்கொள்ளும்;
மேல்சூட்டுக்கு எங்கே போவது?
தெருமுனை இஸ்திரி வண்டி தவமணி அண்ணன்
தேங்காய்த்தொட்டிக் கங்கை
ஒரு சட்டி நிறைய அள்ளித் தந்தார்.
'எதுக்கும்மா?'
'பீட்சாவுக்கு.'
'எனக்கும் ஒரு துண்டு.'

கல்லில் மாவு, மாவில் தக்காளி, காய்,
நூற்று முப்பது ரூபாய்ச் சீஸில் பாதி.
இட்லிக் கொப்பரை மூடியைக் கவிழ்த்து
அதன் தலையில் கங்கைக் கொட்டினேன்.
பொன்மேனியில் எங்கள் சந்து முழுக்க
ஒரு பெயர் தெரியாத வாசம்.
மாடிவீட்டு அமலோற்பவம் எட்டிப் பார்த்து
'என்னமோ கருகுது' என்றாள்.
கருகியதும் உண்மைதான், ஒரு பக்கம்.
மூடியைத் தூக்கும்போது
கொஞ்சம் சாம்பலும் விழுந்தது.

கடையில் அவர் சாப்பிடுவது
ராத்திரி பன்னிரண்டரைக்கு,
கல்லுக்குப் பக்கத்தில் நின்றவாக்கில்,
இலைக்குப் போகாமல் பிய்ந்ததை.
இங்கே தட்டில் வைத்தேன்,
கிழியாத பக்கத்தை அவருக்கு.

முதல் கடி. முறுக்கென்றது.
'உப்பு கம்மி' என்றார்.
ரெண்டாம் கடி.
'சால்னா இல்லியா?'
'கிடையாது.'
மூன்றாவது துண்டை எடுக்கும்போது
எதுவும் சொல்லவில்லை.
நாலாவது துண்டு தவமணி அண்ணனுக்கு என்றேன்.
அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு
காகிதத்தில் மடித்து
அவரே கொண்டுபோனார்.

ஒரு உருண்டை மாவு மிச்சம்.
ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவர்
விளக்கைப் போடாமல்
கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றார்.
தொடவில்லை.
விலகியிருந்த ஈரத்துணியின் முனையை மட்டும்
இழுத்து மூடிவிட்டு வந்து படுத்தார்.